சைனீஸ் லெக்சரர் வேலைக்கு டீச்சிங் ஃபிலாசஃபி எழுதணும், என்னதான் எழுதறது?

கற்றதுகையளவு:

எல்லாருக்கும் வணக்கம். சைனீஸ்ல எம்ஏ முடிச்சு, மொழி கற்பிக்கிற முறை பத்தின ஆராய்ச்சியும் முடியப்போற நிலைமையில இருக்கேன், இப்பதான் பல்கலைக்கழகங்கள்ல சைனீஸ் லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ண ஆரம்பிச்சிருக்கேன். சிவி, கவர் லெட்டர் எல்லாம் ஒருவழியா தேறிடுச்சு. டீச்சிங் ஃபிலாசஃபின்னு ஒண்ணு கேக்கறாங்களே, எப்படி சொல்லிக்குடுப்பேன், ஏன் அப்படின்னு நாமளே எழுதித் தர்ற ஸ்டேட்மெண்ட், அதுலதான் சிக்கிக்கிட்டேன். மாணவர்தான் மையம், பேச வைக்கணும், கலாச்சாரத்தோட சேத்து சொல்லிக்குடுக்கணும்னு எழுதி வச்சிருக்கேன், எழுதினது எல்லாத்தையும் நான் நம்பறேன், ஆனா திரும்பப் படிச்சா ஃப்ரெஞ்ச் வாத்தியார் எழுதினாருன்னு சொன்னாலும் நம்பலாம் போல இருக்கு. சைனீஸ் சொல்லிக்குடுக்கற ஆள் எழுதினதுன்னு எந்த வரியிலயும் தெரியல.

இன்னும் ரெண்டு கேள்வி. என் தாய்மொழி தமிழ், சைனீஸ் நான் பெரிய வயசுல கத்துக்கிட்டது. இதை எழுதலாமா, இல்ல சத்தமில்லாம விட்டுடறது நல்லதா? அப்புறம் லெக்சரரா உள்ள போனா அங்கேர்ந்து ப்ரொஃபசர் ஆக வழி இருக்கா, இல்ல அது தனி ரூட்டா? இந்த ஃபீல்டுல இருக்கறவங்க யாராச்சும் இருந்தா மனசு விட்டு சொல்லுங்க.

வெண்பலகை:

நான் ஒரு யூனிவர்சிட்டியில சைனீஸ் சொல்லிக்குடுக்கறேன், ஆள் எடுக்கற கமிட்டியிலயும் உக்காந்திருக்கேன், அதனால அந்தக் காகிதத்தைப் படிக்கிறவங்க பக்கத்துலேர்ந்து பேசறேன். நீங்க சொன்ன மாதிரி வரிகள் வந்தா கண்ணு தானா அடுத்த பாராவுக்குப் போயிடும். அதுல தப்பு எதுவும் கிடையாது, எல்லாரும் ஒத்துக்கற விஷயங்கறதால உங்களைப் பத்தி எனக்கு அதுலேர்ந்து எதுவும் தெரிய வராது, அவ்வளவுதான். நீங்க எதை விட்டுக்குடுப்பீங்கன்னு எழுதுங்க. ஒரு மொழி வாத்தியாரோட கொள்கை அங்கதான் வெளிய வரும்.

கணக்கு போட்டுப் பாத்தா ஏன்னு புரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி குடுக்குதில்ல, அவங்க கணக்குப்படி இங்கிலீஷ்காரங்க மாண்டரின்ல, அதாவது நாம சைனீஸ்னு சொல்லிக்குடுக்கற பொதுச் சீனத்துல, வேலை பாக்கற அளவுக்கு வர சுமார் 2200 மணி நேர வகுப்பு வேணும், அதாவது 88 வாரம் முழுநேரமா. ஸ்பானிஷுக்கு அதுல மூணுல ஒரு பங்கு இருந்தா போதும். நம்ம யூனிவர்சிட்டி க்ளாஸ் வாரத்துக்கு 5 மணி நேரம், செமஸ்டருக்கு 15 வாரம்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 150 மணி நேரம், நாலு வருஷம் விடாம வந்தாலும் 600தான் தேறும். 2200 கேக்கற மொழிக்கு 600 கையில இருக்கு, அதுலயும் நிறைய பசங்க ரெண்டாவது வருஷத்தோட நின்னுடுவாங்க. அப்ப இந்த 600ல எதுக்கு நேரம், எதை வீட்டுக்குத் தள்ளறது, எதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்னு முடிவெடுத்தாகணும். அந்த முடிவையும் அதுக்கு நீங்க வச்சிருக்கற காரணத்தையும் எழுதினாலே ரெண்டு பக்கம் பத்தாது.

என்னோடதை உதாரணத்துக்கு சொல்றேன், இதையே எழுதணும்னு இல்ல. முதல் ரெண்டு மூணு வாரம் நான் ஒலிக்குக் குடுத்துடுவேன். சீனத்துல ஒரே அசையை எந்த சுருதியில சொல்றோமோ அதை வச்சு அர்த்தமே மாறும், அதுதான் டோன். டோனை ஒத்த ஒத்த அசையா சொல்ல வைக்கிறது முதல் நாளோட சரி, ரெண்டாவது நாள்லேர்ந்து ஜோடி ஜோடியாதான். பசங்க மூணாவது டோனை தனியா சொன்னா கீழ எறங்கி மேல ஏறி அழகா சொல்வாங்க, புத்தகத்துல 214னு, அதாவது சுருதி 2லேர்ந்து 1க்கு எறங்கி 4க்கு ஏறணும்னு, போட்டிருக்கறத அப்படியே, ஆனா பேச்சுல அந்த முழு வடிவம் தனியா நிக்கும்போதோ வாக்கியத்தோட கடைசியிலயோதான் வரும். மத்த இடத்துல அது கீழயே கிடக்கற ஒரு டோன், இன்னொரு மூணாவது டோன் பின்னாடி வந்தா ரெண்டாவதா மாறிடும். இதை முதல் வாரமே "இது தாழ்ந்த டோன்"னு சொல்லிக் குடுத்தவன் பேசறதுக்கும், மேலயும் கீழயும் தலையாட்டிக்கிட்டு கத்துக்கிட்டவன் பேசறதுக்கும் மூணாவது வருஷத்துல வித்தியாசம் பளிச்சுனு கேக்கும். இதுக்காக நான் விட்டுக்குடுக்கறது எழுத்து. முதல் மாசம் என் பசங்களுக்கு எழுத்து ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும், பக்கத்து செக்ஷன் பசங்க நிறைய எழுதுவாங்க, அதைப் பாத்து என் பசங்க பதறுவாங்க. பரவாயில்லைன்னு நான் நினைக்கிறேன், ஏன்னு அவங்களுக்கும் சொல்லிடுவேன்.

இலக்கணத்துலயும் ஒரு இடம் எடுத்துக்கோங்க. சீனத்துல வினைக்குப் பின்னாடியோ வாக்கியக் கடைசியிலயோ ஒட்டற அந்த "ல" (了, le) இருக்கே, அதை இறந்தகாலம்னு சொல்லிக்குடுத்துட்டா அன்னிக்கு க்ளாஸ் சுலபமா போயிடும், அடுத்த ரெண்டு வருஷம் பசங்க "நேத்து பிஸியா இருந்தேன்"னு சொல்ல வர்ற இடத்துலயும் ஒரு "ல" ஒட்டுவாங்க. சீனத்துல அங்க அது வராது, "நேத்து"ங்கற சொல்லே போதும். நான் "ல"வை ரெண்டு தனித்தனி விஷயமா, நடுவுல சில வாரம் இடைவெளி விட்டு, செயல் முடிஞ்ச இடத்துல ஒருதடவை, நிலைமை மாறின இடத்துல இன்னொருதடவைன்னு கொண்டு வருவேன். இப்படி ஒரே ஒரு இடத்தை எடுத்து, நீங்க அதை எப்படி க்ளாஸுக்குள்ள கொண்டு வர்றீங்கன்னு ஒரு பாரா எழுதினா போதும், படிக்கிற நாங்க நிமிந்து உக்காருவோம்.

மெல்லினம்:

நான் வாத்தியார் கிடையாது, நாலு வருஷம் சைனீஸ் படிச்ச ஆள், அதனால பெஞ்சுல உக்காந்திருந்தவங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்களுக்கு முதல் வருஷம் வந்தவங்க ஒவ்வொரு டோன் தப்புக்கும் நிறுத்துவாங்க, வாக்கியம் பாதியில நிக்கும், என்ன சொல்ல வந்தோம்னே மறந்துடும். ரெண்டாவது வருஷம் வந்தவர் நிறுத்தவே மாட்டாரு, எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு, நல்லாதான் பேசறோம்னு நினைச்சுக்கிட்டே இருந்தோம், வெளியில போய்ப் பேசினா ஒருத்தருக்கும் புரியல.

மூணாவது வருஷம் வந்த ப்ரொஃபசர் க்ளாஸை ரெண்டா பிரிச்சிருந்தாங்க. முதல் பாதி பயிற்சி, அதுல ஒரு டோனைக்கூட விடமாட்டாங்க, வாக்கியமும் சின்னது, அவங்க சொல்றது நாங்க சொல்றதுன்னு வேகமா போகும், ஒருத்தரையே குறி வைக்காம சுத்திக்கிட்டே இருப்பாங்க, அதனால திருத்தும்போது யாருக்கும் கூச்சம் வராது. ரெண்டாவது பாதி பேச்சு, அதுல நாங்க என்ன சொல்ல வரோம்ங்கறதுலதான் அவங்க கவனம் இருக்கும், தப்பை எல்லாம் பேசாம ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த நாள் முதல் பாதியில அதையே பயிற்சியா கொண்டு வந்துடுவாங்க. எப்ப தப்பு பண்ணலாம், எப்ப பண்ணக்கூடாதுன்னு எங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்தது. நான் இப்ப தைரியமா பேசறேன்னா அதுக்கு அவங்கதான் காரணம். உங்க ஃபிலாசஃபியில திருத்தறது பத்தி கட்டாயம் எழுதுங்க, எங்க மேல அதிகமா விழுந்தது அதுதான்.

ழகரம்:

தாய்மொழி தமிழ்ங்கறத மறைக்கவே மறைக்காதீங்க! நான் மொழியியல் பக்கம் இருக்கற ஆள், தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் சீனத்துக்குள்ள போறப்போ கையில எவ்வளவு இருக்குன்னு நம்ம ஆளுங்களுக்கே தெரியறதில்ல, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

முதல்ல ஒலி. சீன ஒலியை ரோமன் எழுத்துல எழுதற முறையான பின்யின்ல b, d, gன்னு எழுதியிருந்தாலும் மாண்டரின்ல அந்த இடத்துல தொண்டை அதிர்ற அதிர்வொலி வேறுபாடு கிடையாது, மூச்சு வேறுபாடுதான். பின்யின்ல "b" போட்டு எழுதற ஒலி, நாம "பல்"னு சொல்றப்ப முதல்ல வர்ற ப்தான் கிட்டத்தட்ட, மூச்சும் கிடையாது அதிர்வும் கிடையாது. இங்கிலீஷ் வழியா கத்துக்கறவங்க அதை "பஸ்"ல (bus) வர்ற b ஆக்கிடுவாங்க. நமக்கு அந்தப் பாதி தானா வந்துடும், மூச்சு விட்டு சொல்ற ஜோடியைத்தான் புதுசா பழகணும், தமிழ்ல அது இல்லாததால அங்க நிஜமாவே கஷ்டம், உதட்டுக்கு முன்னாடி ஒரு மெல்லிசான பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு அது அசையுதான்னு பாத்துப் பழகணும். நாக்கை வளைச்சு சொல்ற ஒலிகளுக்கு இங்கிலீஷ்காரங்க படற பாடு நமக்கு இல்ல, ட, ஷ சொல்ற நாக்கு நம்மளோடது, சீனத்துல அவ்வளவு வளைக்கக்கூடாதுன்னு மட்டும் சொன்னா போதும். பின்யின்ல "ஆர்" போட்டு எழுதற ஒலி நம்ம ழவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஒலி.

அடுத்தது வாக்கிய அமைப்பு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. "நேத்து நான் வாங்கின புத்தகம்"னு நாம சொல்றோம்ல, புத்தகத்தைப் பத்தின எல்லாமே அதுக்கு முன்னாடியே வந்துடுது. சீனத்துலயும் அதே வரிசைதான், நேத்து, நான், வாங்க, அப்புறம் "த"ன்னு ஒரு இணைப்பு, அப்புறம் புத்தகம். நம்ம பெயரெச்சம் செய்யற வேலையை அங்க அந்த "த" செய்யுது. இங்கிலீஷ்காரங்களுக்கு இது தலைகீழா தெரியும், ரெண்டாவது வருஷத்துலகூட தடுமாறுவாங்க. நேரம், இடம் எல்லாம் வினைக்கு முன்னாடி வர்றதும் நம்ம மாதிரிதான். கேள்வி கேக்க வாக்கியத்தைப் புரட்டாம கடைசியில ஒரு "மா" சேத்தா போதும், நாம "வந்தான்"ல ஒரு ஆ சேத்து "வந்தானா"னு கேக்கறோமே அதே இடத்துல. செயப்படுபொருள் வினைக்குப் பின்னாடி போறது, பொருளை எண்ணும்போதெல்லாம் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவுல ஒரு அளவுச்சொல் கேக்கறது, டோன், இந்த மூணும் நமக்கு வெளியில இருக்கு.

இதெல்லாம் உங்களுக்கு அனுபவத்துல தெரிஞ்சிருக்கும். பெரியவங்களான பிறகு அந்த மொழிக்குள்ள நுழைஞ்சு, எது கதவு எது சுவருன்னு தடவித் தடவிப் பாத்தவங்க நீங்க. தாய்மொழியா பேசறவங்க சொல்லிக்குடுக்கறப்ப வர்ற இயல்பு வேற, அதுவும் க்ளாஸுக்கு வேணும், ரெண்டு விதமான ஆளும் ஒரு டிபார்ட்மெண்ட்ல இருந்தா பசங்களுக்குத்தான் லாபம். இதை அப்படியே எழுதலாம்.

பழையஏடு:

இந்த வேலையை முன்னாடி பாத்தவங்களைப் பத்தி யாரும் இன்னும் சொல்லல. டீச்சிங் ஃபிலாசஃபின்னு தனியா எழுதி வைக்காம, வாழ்ந்த விதத்துலயும் போட்ட பாடப்புத்தகத்துலயும் அதை விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க.

யுவன் ரென் சாவ், சீன உச்சரிப்புல ஜாவ் யுவான்ரென், 1892ல பொறந்தவர். கார்னெல்ல கணிதம், ஹார்வர்டுல தத்துவத்துல டாக்டர் பட்டம், இசையமைப்பாளர் வேற, அப்புறம்தான் மொழியியல். டோனை 1லேர்ந்து 5 வரைக்கும் அளவு வச்சு எழுதற முறையை 1930ல குடுத்தது அவர்தான், மேல வெண்பலகை 214னு எழுதினாரே, அது சாவோட கணக்கு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல ராணுவ வீரர்களுக்கு ஹார்வர்டுல சீன வகுப்பு நடத்தினாரு, அந்த அனுபவத்துலேர்ந்து 1948ல மாண்டரின் ப்ரைமர் வந்துச்சு. அந்தப் புத்தகத்துல முதல் பாடத்துக்கு முன்னாடி அடித்தளப் பயிற்சின்னு நாலு தனிப் பாடம் இருக்கும், டோன், கஷ்டமான ஒலிகள், ஒலி அமைப்பு, டோன் மாறுற விதிகள், இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் உரையாடலே. காதுக்கும் வாய்க்கும் பழகாத ஒரு மொழியில மேல கட்ட முடியாதுங்கற நம்பிக்கை அந்தப் பொருளடக்கத்துலயே தெரியும். 1947லேர்ந்து பெர்க்லியில இருந்தாரு, ஓய்வு பெற்றப்புறமும் விடாம 1968ல பேச்சுச் சீனத்துக்கு ஒரு பெரிய இலக்கணமும் போட்டாரு.

அமெரிக்கர் ஜான் டிஃப்ரான்சிஸ் கதை வேற மாதிரி. அமெரிக்காவுல கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டு ஆளுங்களைத் துரத்தின மெக்கார்த்தி காலத்துல, அந்தப் பழிக்கு ஆளான சக அறிஞர் ஓவன் லாட்டிமோர் பக்கம் நின்னதால பல வருஷம் பல்கலைக்கழகப் பக்கமே வர முடியாம போச்சு. 1960கள்ல ஸீட்டன் ஹால்ல உக்காந்து பாடப்புத்தக வரிசை போட ஆரம்பிச்சாரு, பிகினிங் சைனீஸ் 1963ல வந்துச்சு, வரிசை மொத்தம் 12 புத்தகம். பின்யின்ல பேச்சு ஒரு புத்தகம், எழுத்து தனிப் புத்தகம்னு பிரிச்சு வச்சாரு, பின்யின் சீனாவுல அதிகாரபூர்வமா வந்ததே 1958லதான்ங்கறத நினைச்சுப் பாருங்க. 1966லேர்ந்து 1976 வரைக்கும் ஹவாய் யூனிவர்சிட்டி. ஓய்வு பெற்று 20 வருஷம் ஆனப்புறம் 1996ல அவர் தொகுத்த அகராதி வந்துச்சு, எழுத்து தெரியாதவங்களும் காதுல கேட்ட சொல்லை ஒலி வரிசையிலேயே தேடிக்கலாம். கேக்கறதுதான் முதல்ல, எழுத்து அதுக்கு அப்புறம்னு ஒரே நம்பிக்கையை அவர் முப்பது வருஷத்துக்கு மேல பிடிச்சுக்கிட்டிருந்தாருன்னு இதை வச்சு சொல்லலாம்.

இவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி 1879ல சீனாவுல நிங்போவுல இருந்த கெ குன்ஹுவான்னு ஒருத்தர் குடும்பத்தோட கப்பல் ஏறி ஹார்வர்டுக்குப் போய் சீன மொழி சொல்லிக்குடுத்தாரு, மூணு வருஷ ஒப்பந்தம், வந்த மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், ஒப்பந்தம் முடியறதுக்குள்ள 1882ல அங்கேயே இறந்துட்டாரு. சும்மா மொழியை மட்டும் சொல்லிக்குடுக்காம தன்னோட கவிதைகளை விளக்கத்தோட ஒரு பாடப்புத்தகமா எழுதி வச்சாரு, அவர் படம் ஹார்வர்ட்-யெஞ்சிங் நூலகத்துல இன்னும் இருக்கு. இந்தியப் பக்கம் டான் யுன்-ஷான் (Tan Yun-Shan)னு ஒருத்தர். தாகூர் கூப்பிட்டு 1928ல சாந்திநிகேதன் வந்தவர், 1937ல சீன பவன் திறந்தப்போ அதோட முதல் இயக்குநர். அவர் நினைச்சது ஒரு மொழி டிபார்ட்மெண்ட் அளவுல நிக்கல, ரெண்டு நாகரிகம் ஒண்ணையொண்ணு படிக்கிற இடம் வேணும்னு புத்தகம் சேத்தாரு, பணம் திரட்டினாரு, ஆயுசுல பெரும்பகுதியை அங்கேயே போட்டாரு.

இதைப் படிச்சுட்டு உங்க ஸ்டேட்மெண்ட்ல பேர் போடச் சொல்லல. மாண்டரின் ப்ரைமரோட பொருளடக்கத்தையும் டிஃப்ரான்சிஸோட பொருளடக்கத்தையும் நூலகத்துல எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு மணி நேரம் பாருங்க, நீங்க யார் பக்கம்னு உங்களுக்கே தெரிய வரும்.

சதுரக்கட்டம்:

வெண்பலகை சார் சொன்ன ஒண்ணுல எனக்கு உடன்பாடு இல்ல, மரியாதையோடதான் சொல்றேன். எழுத்தைத் தள்ளிப் போடறது கேக்க நல்லா இருக்கு, ஆனா நானும் இதே வேலையில இருக்கறவன், முதல் மாசம் எழுத்து பாக்காதவங்க பின்யின்லயே தங்கிடறாங்க, அப்புறம் எழுத்து வந்தா அது மேல ஒரு பயம் வந்துடுது. கையால எழுதறப்பதான் பசங்களுக்கு எழுத்து துண்டு துண்டா தெரியும். பெரும்பாலான எழுத்துல ஒரு பக்கம் பொருளைக் காட்டும், இன்னொரு பக்கம் ஒலியைக் காட்டும், இந்த வகை மட்டும் 80 சதவீதத்துக்கு மேல. நாப்பது அம்பது எழுத்தை நிதானமா, கோடு வரிசை மாறாம கையால எழுதினவனுக்கு அம்பத்தோராவது எழுத்தைப் பாக்கறப்ப ஏற்கனவே தெரிஞ்ச துண்டுகள் கண்ணுல படும். ஃபோன்ல டைப் பண்ணி மட்டும் கத்துக்கிட்டவன் ஒரே மாதிரி இருக்கற நாலு எழுத்துல சரியானதைத் தேர்ந்தெடுக்கத் திணறறதை வாரா வாரம் பாக்கறேன்.

வெண்பலகை:

சதுரக்கட்டம், துண்டு துண்டா பாக்கறது பத்தி நீங்க சொன்னது முழுக்க சரி, நானும் ரெண்டாவது மாசத்துலேர்ந்து அதைத்தான் பண்றேன். எத்தனை எழுத்தைக் கையால எழுதணும்ங்கறதுலதான் நமக்குள்ள வித்தியாசம் இருக்குன்னு நினைக்கிறேன். சீனம் கத்துக்கற வெளிநாட்டவங்களுக்காக சீனாவே 2021ல கொண்டு வந்த தரநிலையை எடுத்துக்கோங்க, மூணு கட்டம் ஒன்பது லெவல், அதுல பாத்தாத் தெரியவேண்டிய எழுத்து 3000, கையால எழுதவேண்டிய எழுத்துக்குத் தனிப் பட்டியல், அது 1200தான். படிக்கிறதும் எழுதறதும் ஒரே வேகத்துல போகவேண்டியதில்லைன்னு அவங்களே பிரிச்சுட்டாங்க. இதுக்கு முன்னாடி பாடத்துல வர்ற எழுத்து எல்லாத்தையும் டிக்டேஷன் வச்சு, பசங்க ராத்திரி பூரா எழுதிப் பாத்து, பரீட்சை முடிஞ்ச வாரமே மறந்துடற நிலைமை எத்தனை க்ளாஸ்ல இருந்துச்சு, அந்த நேரத்தை எல்லாம் பேச வச்சிருக்கலாமேன்னு எனக்கு மனசு வலிக்கும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை, நாங்க ரெண்டு பேரும் இப்ப பண்ணிக்கிட்டிருக்கற இந்த வாக்குவாதம்தான் ஒவ்வொரு சைனீஸ் டிபார்ட்மெண்ட்லயும் நடக்கறது. இதுல உங்க நிலைப்பாட்டை எழுதுங்க. கமிட்டியில ஒருத்தர் உங்க கருத்துக்கு எதிரா இருந்தாலும் காரணம் தெளிவா இருந்தா மதிப்பாங்க.

சதுரக்கட்டம்:

1200 கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். முதல் மாசம் விஷயத்துல மட்டும் நான் என் இடத்துலயே நிக்கிறேன் :)

செமஸ்டர்முடிவு:

வேலை பத்தின கேள்விக்கு யாரும் வரல, நான் சொல்றேன். நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்க யூனிவர்சிட்டி நிலைமை எனக்குத் தெரியும் அதனால அதை சொல்றேன். அங்க மொழி வகுப்பு எடுக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க லெக்சரர், டீச்சிங் ப்ரொஃபசர் மாதிரி கற்பிக்கிற பாதையில இருக்கறவங்க. டென்யூர், அதாவது வேலை நிரந்தரம், இருக்கற ப்ரொஃபசர் பதவி பெரும்பாலும் இலக்கியம், வரலாறு, மொழியியல்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் போகும். லெக்சரர்லேர்ந்து தானா அந்தப் பக்கம் ப்ரமோஷன் கிடைக்கும்னு நினைக்காதீங்க, அது வேற கதவு, அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும். ஆனா கற்பிக்கிற பாதையிலயும் பல இடங்கள்ல சீனியர் லெக்சரர், டீச்சிங் ப்ரொஃபசர்னு படிகள் இருக்கு, ஒப்பந்தமும் ஒரு வருஷத்துலேர்ந்து மூணு, அஞ்சுன்னு நீளும். வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒப்பந்தம் எத்தனை வருஷம், புதுப்பிக்கறதுக்கு என்ன அளவுகோல், செமஸ்டருக்கு எத்தனை செக்ஷன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. தினமும் க்ளாஸ், தினமும் ஹோம்வொர்க் திருத்தறது, ஆபீஸ் நேரத்துல ஒவ்வொருத்தரா உச்சரிப்பு பாக்கறதுன்னு இந்த வேலையில நேரம் எப்படிப் போகும்னு நான் சொல்லவே வேண்டாம், அதுக்கு நடுவுல ஆராய்ச்சிக்கட்டுரை எழுத நேரம் ஒதுக்கறவங்களைப் பாத்தா எனக்குப் பெரிய மரியாதை.

மாணவர் எண்ணிக்கையும் மனசுல இருக்கட்டும். அமெரிக்காவுல உயர்கல்வியில சைனீஸ் எடுத்தவங்க 2013ல 60 ஆயிரத்துக்கு மேல இருந்தாங்க, 2021ல 46 ஆயிரத்துச் சொச்சமா குறைஞ்சுடுச்சு. சீன அரசு ஆதரவுல நடந்த மொழி மையமான கன்ஃபூஷியஸ் இன்ஸ்டிட்யூட் ஒரு காலத்துல அங்க நூறுக்கும் பக்கமா இருந்துச்சு, இப்ப கிட்டத்தட்ட எல்லாமே மூடிட்டாங்க. இதைக் கேட்டு பயப்படாதீங்க. டிபார்ட்மெண்ட் எல்லாம் இப்ப பசங்களை ரெண்டாவது வருஷத்துலேர்ந்து மூணாவதுக்குக் கூட்டிக்கிட்டுப் போகத் தெரிஞ்ச ஆளைத் தேடறாங்க. வீட்டுல சீனம் பேசி வளந்து படிக்கத் தெரியாத பசங்களுக்குத் தனி பாடம் போட்ட அனுபவமோ, கோடைக்கால தீவிரப் பயிற்சியில சொல்லிக்குடுத்த அனுபவமோ இருந்தா மேலயே எழுதுங்க. அமெரிக்காவுல மிடில்பரி காலேஜ்ல 1966லேர்ந்து கோடைக்கால சைனீஸ் ஸ்கூல் நடக்குது, கோடை முழுக்க வேற மொழி பேசமாட்டோம்னு பசங்க கையெழுத்து போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. ப்ரின்ஸ்டன் யூனிவர்சிட்டியோட கோடைப் பயிற்சி ப்ரின்ஸ்டன் இன் பெய்ஜிங் 1993ல ஆரம்பிச்சது, பயிற்சிக்குப் பேர் போனது. இந்த மாதிரி இடத்துல ஒரு கோடை வேலை பாத்தா, ஒரு மணி நேரத்துல ஒரு பையனை எத்தனை தடவை வாய் திறக்க வைக்கலாம்ங்கறது கைக்கு வந்துடும்.

கற்றதுகையளவு:

இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரியே பழைய ட்ராஃப்டைத் தூக்கி வச்சுட்டு, திருத்தறது பத்தி ஒரு பாரா, பெயரெச்சத்தையும் அந்த "த"வையும் வச்சு ஒரு பாரா எழுதியிருக்கேன். எழுத்து விஷயத்துல நான் சதுரக்கட்டம் பக்கம் கொஞ்சம் சாயறேன், வெண்பலகை சார் கோச்சுக்காதீங்க. கடைசியா ஒண்ணு, இன்டர்வியூ கூப்பிட்டா டெமோ க்ளாஸ் கேப்பாங்களாம், முன்பின் தெரியாத பசங்க, அரை மணி நேரம். அதுல கமிட்டி எதைப் பாக்கும்?

வெண்பலகை:

கோபம் எல்லாம் இல்ல, காரணத்தோட சாயறீங்கன்னா சந்தோஷம்தான்.

டெமோவுல நான் பாக்கறது யார் வாய் அதிகமா அசையுதுங்கறது. நிறைய பேர் அழகா ஸ்லைடு போட்டு, இலக்கணத்தை ரொம்பத் தெளிவா விளக்கி, அரை மணி நேரமும் அவங்களே பேசிட்டுப் போயிடறாங்க. ஒரே ஒரு வாக்கிய அமைப்பை எடுத்துக்கோங்க, ரெண்டு வேண்டாம். விளக்கம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, முடிஞ்சா விளக்கமே சீனத்துல, பசங்களுக்குத் தெரிஞ்ச சொல்லை மட்டும் வச்சு, அதுக்காக முன்கூட்டியே அவங்க எந்தப் புத்தகத்துல எந்தப் பாடம் வரைக்கும் வந்திருக்காங்கன்னு டிபார்ட்மெண்ட்டுக்கு மெயில் போட்டுக் கேட்டுடுங்க, இதைக் கேட்டாலே உங்க மேல நல்ல அபிப்பிராயம் வந்துடும். பசங்க பேரை ஆரம்பத்துலயே கேட்டு மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் எல்லாரும் சேந்து சொல்றது, ஒவ்வொருத்தரா சொல்றது, ஜோடியா தங்களைப் பத்தின உண்மையான விஷயத்தை அதே அமைப்புல சொல்றதுன்னு போங்க.

நடுவுல யாராச்சும் ஒரு பையன் டோனைத் தப்பா சொல்வான், கண்டிப்பா சொல்வான். அந்த இடத்துல கமிட்டி மொத்தமும் பேனாவை எடுக்கும். நீங்க சரியா ஒருதடவை சொல்லி, அவனைத் திரும்ப சொல்ல வச்சு, எல்லாரையும் சேத்து சொல்ல வச்சு, ரெண்டு பேர் தள்ளிப் போய்ட்டு மறுபடி அவன்கிட்ட வந்து கேளுங்க. அவன் இந்ததடவை சரியா சொன்னா அவன் முகத்துல தெரியும். ஸ்டேட்மெண்ட்ல திருத்தறது பத்தி எழுதியிருக்கேன்னு சொன்னீங்கல்ல, அங்க எழுதினதும் இங்க பண்றதும் ஒண்ணா இருக்கான்னு அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டேதான் நாங்க பாப்போம்.